கரண்ட் வயரில் இன்டர்நெட், ஹாம் ரேடியோவில் இரைச்சல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வளவில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே 20 மீற்றர் செம்புக் கம்பி கட்டியிருக்கிறேன். ரோட்டால் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். கல்முனை, களுவாஞ்சிக்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் புதிதாக ஹாம் படிக்கிற தம்பிமார் போன் எடுத்துக் கேட்பார்கள். அதிகம் வருகிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணன், திடீரெண்டு பான்ட் முழுக்க இரைச்சல். என்ன செய்யிறது?" பான்ட் என்பது எங்களுக்கென்று ஒதுக்கிய அலைவரிசைப் பகுதி. இரைச்சலுக்குப் பல காரணங்கள் உண்டு. வீட்டுக் கரண்ட் வயர் வழியாக இன்டர்நெட்டைக் கடத்துகிற கருவி அவற்றில் ஒன்று. நான் ஐந்து மாதம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். அதனால் அதை மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஹாம் ரேடியோ என்றால் என்ன? அதற்கு ஏன் இவ்வளவு அமைதி வேண்டும்?

பரீட்சை எழுதி, இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் அனுமதிப்பத்திரம் பெற்று, சொந்தக் கருவியில் உலகத்தோடு பேசுகிறவர்கள் நாங்கள். எங்கள் அழைப்புக் குறி பெரும்பாலும் 4எஸ்7 என்று தொடங்கும். வியாபாரம் கிடையாது, சம்பளம் கிடையாது. நடுவில் கோபுரமோ சேர்வரோ எதுவுமில்லாமல், ஒரு பற்றரியும் ஒரு கம்பியும் இருந்தால் போதும்.

எங்களுக்கு வருகிற சிக்னல் மிக மெல்லியது. பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்தடிக்கு வள்ளத்தில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அந்த நேரம் பக்கத்தில் ஓர் எஞ்சின் போட் வந்தால் பாட்டு போய்விடும். மீன் பாடுவதை நிறுத்தியிருக்காது, எங்கள் காதுக்குத்தான் எட்டாது. சிற்றலையிலும் இதுவே நடக்கிறது. அனுப்புகிறவர் அனுப்பிக்கொண்டே இருப்பார். எங்கள் பக்கத்து இரைச்சல் அதை மூடிவிடும்.

கரண்ட் வயரில் எப்படி இன்டர்நெட் போகிறது?

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அதாவது செக்கனுக்கு 50 தரம் அலைகிற மெதுவான மின்சாரம். அதே வயரில் செக்கனுக்குப் பல மில்லியன் தரம் அலைகிற இன்னொரு சிக்னலை ஏற்றினால் இரண்டும் ஒன்றையொன்று குழப்பாமல் போகும். மறுமுனையில் ஒரு வடிகட்டி அவற்றைப் பிரித்தெடுத்துவிடும். இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகையில், தெருவில் போகும் மின்கம்பி வழியாக ஊர் முழுவதற்கும் இன்டர்நெட் கொடுப்பார்கள். டிரான்ஸ்போமர் அந்த வேக அலையைத் தன்னூடாக விடாது. அதனால் அதைச் சுற்றிக் கடத்த ஒவ்வோர் இடத்திலும் தனிக் கருவி பொருத்த வேண்டும். இரண்டாவது வகை வீட்டுக்குள்ளேயே நடப்பது, இதன் கருவியைப் பவர்லைன் அடாப்டர் என்பார்கள். ரவுட்டருக்குப் பக்கத்துப் பிளக் பொயின்ட்டில் ஓர் அடாப்டரையும் பின்னறைப் பிளக்கில் இன்னோர் அடாப்டரையும் குத்துகிறோம், நடுவில் வீட்டு வயரிங்தான் கேபிள். இங்கே நாம் சந்திப்பது இந்த இரண்டாவது வகையை. கடையில் வாங்கினது, சவூதியிலிருந்து மச்சான் கொண்டுவந்தது, கனடாவிலிருந்து பார்சலில் வந்தது என்று பல வழிகளில் ஊருக்குள் வருகிறது.

பழைய, நடுத்தர அடாப்டர்கள் ஏறக்குறைய 2 முதல் 28 மெகாஹேர்ட்ஸ் (செக்கனுக்கு மில்லியன் தரம்) வரை பாவிக்கின்றன. பிறகு வந்த ஏவி2 வகை 86 மெகாஹேர்ட்ஸ் வரை ஏறும். சிற்றலை என்று நாம் சொல்வது 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ். ஆகவே மோதல் ஓர் ஓரத்தில் உரசுவதோடு முடியவில்லை. எங்கள் வளவு முழுவதையும் அது மிதிக்கிறது.

ஃபைபர் கேபிளும் கரண்ட் போஸ்ட்டில்தானே தொங்குகிறது? அதுவும் இரைச்சல் தருமா?

தராது. ஃபைபரில் போவது வெளிச்சம், அதிலிருந்து ரேடியோ அலை வராது. கம்பம் ஒன்றாக இருப்பதால் பலர் இரண்டையும் குழப்புகிறார்கள். ஆனால் ஃபைபர் பெட்டியோடு வருகிற சின்ன கறுப்புப் பவர் அடாப்டர் சில வேளை இரையும். அதைக் கழற்றிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வயருக்குள் போகிற சிக்னல் ஏன் வெளியே வருகிறது?

டெலிபோன் வயரையோ கணினிக்கான கேட்6 கேபிளையோ வெட்டிப் பாருங்கள். உள்ளே இரண்டிரண்டு வயராக முறுக்கியிருக்கும். ஒன்றில் போகிற அலையும் மற்றதில் திரும்புகிற அலையும் ஒட்டி இருப்பதால் வெளியே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வீட்டு வயரிங் அப்படியா? லைவ் வயர் மட்டும் சுவரில் இறங்கிச் சுவிட்ச்சுக்குப் போய்த் திரும்பும், நியூட்ரல் வேறு வழியால் பல்புக்குப் போகும். தெருவிலே பழைய லைன்களில் வெறும் கம்பிகள் ஓரடி போல இடைவெளி விட்டு ஒன்றன்கீழ் ஒன்றாகப் போகின்றன. அழித்துக்கொள்ளத் துணை பக்கத்தில் இல்லை. அதனால் கம்பி அலையை வீசத் தொடங்கும்.

நீளமும் பொருந்திவிடுகிறது. 14 மெகாஹேர்ட்ஸுக்கு நல்ல அன்டெனா சுமார் 10 மீற்றர் கம்பி, 7 மெகாஹேர்ட்ஸுக்குச் சுமார் 20 மீற்றர். மீற்றர் பெட்டியிலிருந்து குசினி வரை உங்கள் வீட்டு வயர் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று அளந்து பாருங்கள். யாரும் கட்டாமலே ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஓர் அன்டெனா இருக்கிறது.

எவ்வளவு பாதிப்பு? கொஞ்சம் சத்தம்தானே?

எங்கள் ரேடியோவில் எஸ்-மீற்றர் என்று ஒரு முள் உண்டு. ஒரு படி ஏறினால் 6 டெசிபெல், அதாவது வலு 4 மடங்கு. என் வீட்டில் நல்ல நாளில் 7 மெகாஹேர்ட்ஸில் இரைச்சல் எஸ்2 இல் நிற்கும். அடாப்டர் ஓடிய நாட்களில் எஸ்9 இல் நின்றது. ஏழு படி. நாலை ஏழு தரம் பெருக்கிப் பாருங்கள், 16,384 வரும். முன்பு 100 வற்றில் என்னிடம் கேட்ட ஒரு நிலையம் அதே தெளிவோடு கேட்க வேண்டுமானால் 16 இலட்சம் வற் வேண்டும். பெரிய சிற்றலை ஒலிபரப்பு நிலையங்களில் பெரும்பாலானவற்றிடம்கூட அவ்வளவு வலு கிடையாது. "கொஞ்சம் சத்தம்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைத்தான் நான் காட்டுவேன்.

ஹாம் மட்டும் இல்லை. ரேடியோவில் தூர நாட்டுச் சிற்றலை கேட்கிற பெரியவர்களுக்கும் இதே கதிதான். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. இரவு 9.15 பிபிசி தமிழோசைக்காகத் தெருவே அடங்கியிருந்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். லண்டனிலிருந்து வந்த அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் மாதத்தோடு நின்றுவிட்டது. மிச்சம் இருக்கிற நிலையங்களையாவது அவர்கள் கேட்கட்டும். வாழைச்சேனையிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற பல நாள் படகுகள் கரையோடு பேசுவதும் இந்த அலைவரிசைகளுக்குப் பக்கத்தில்தான்.

இது பவர்லைன் அடாப்டர்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் உங்கள் வீட்டைச் சந்தேகியுங்கள். ரேடியோவைப் பற்றரியில் போட்டுவிட்டு மெயின் சுவிட்ச்சை இறக்குங்கள். இரைச்சல் நின்றால் கள்ளன் வீட்டுக்குள். ட்ரிப் சுவிட்ச்சுகளை ஒவ்வொன்றாக ஏற்றி எந்த அறை என்று பிடிக்கலாம். நிற்காவிட்டால் வெளியே.

அடுத்தது காது. கரண்ட் லைனில் எங்கேயாவது தீப்பொறி இருந்தால் 'கர்ர்ர்' என்று ஒரே சீராக, 100 ஹேர்ட்ஸ் தாளத்தில் வரும். கடலோரத்தில் உப்புப் படிந்த இன்சுலேட்டர்களிலும் தளர்ந்த ஆணிகளிலும் இது வழக்கம். நல்ல மழை ஒன்று அடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கச்சான் காற்று வீசுகிற வரண்ட மாதங்களில் தளர்ந்த ஆணி பொறி தட்டும். சோலார் இன்வேட்டர் என்றால் வெயிலோடு வந்து வெயிலோடு போகும். மலிவான எல்இடி பல்பு விளக்கு வைக்கிற நேரத்தில் தொடங்கும்.

பவர்லைன் அடாப்டருக்குத் தனிக் குணம். யாரும் நெட் பாவிக்காத நேரம் 'டிக்... டிக்-டிக்...' என்று ஓயாமல் சின்னத் தட்டல், இரண்டு அடாப்டரும் ஒன்றையொன்று "இருக்கிறியா?" என்று கேட்டுக்கொள்கிற சத்தம் அது. யாராவது வீடியோ பார்க்கத் தொடங்கினால் கொதித்த எண்ணெயில் அப்பளம் போட்டதுபோல ஒரே இரைச்சல். டயலைத் திருப்பிப் பாருங்கள். 5 மெகாஹேர்ட்ஸ், 9, 12, 16 என்று எங்கே போனாலும் அதே சத்தம். ஆனால் 7.000 க்குள் நுழைந்ததும் குறைந்து, 7.300 ஐத் தாண்டியதும் மறுபடி எகிறினால் பெரும்பாலும் அதுதான். ஹாம் பான்ட்டின் எல்லையை அறிந்து இரைகிற வேறு கருவிகள் மிகக் குறைவு.

கடைசியாகக் கால். பற்றரியில் ஓடுகிற சின்னச் சிற்றலை ரேடியோ ஒன்றை 9 மெகாஹேர்ட்ஸ் பக்கம் ஒரு வெறுமையான இடத்தில் வைத்துக்கொண்டு ஒழுங்கையில் நடந்தால், எந்த வீட்டு வாசலில் சத்தம் உச்சமோ அங்கே நிற்கலாம். மின்கம்பத்தைத் தொடவோ தட்டவோ வேண்டாம். உயிரை விடப் பெரிய அலைவரிசை எதுவும் கிடையாது.

புது அடாப்டர்களில் ஹாம் பான்ட்டை வெட்டித்தான் விற்கிறார்களாமே?

உண்மை. இந்த அடாப்டர்கள் அலைகளை நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கீற்றுகளாகப் பிரித்து அனுப்புகின்றன. ஹாம் பான்ட்டுக்குள் விழுகிற கீற்றுகளை மட்டும் அணைத்துவைப்பதுதான் அந்த வெட்டு. சுமார் 30 டெசிபெல், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். ஐரோப்பாவில் 2013 இல் வந்த இஎன் 50561-1 என்ற தரவிதி இதைக் கட்டாயமாக்கியது. எத்தனையோ நாட்டு ஹாம்கள் அளந்து, எழுதி, வாதாடிப் பெற்றது இது. அவர்களுக்கு நான் நன்றியுள்ளவன்.

ஆனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. வெட்டின இடத்துக்கு வெளியே சிற்றலை ஒலிபரப்புக் கேட்கிறவருக்கு இதில் ஒரு நன்மையும் இல்லை. அடாப்டர் பத்தடி தூரத்தில் இருந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கே போதும், மெல்லிய சிக்னலை மூட. தரம் பார்க்காமல் வருகிற மலிவுச் சாமானில் வெட்டு ஒழுங்காக இருக்கும் என்று நம்பவும் முடியாது.

ஊர் முழுவதற்கும் கரண்ட் லைனில் நெட் கொடுத்த நாடுகளில் என்ன நடந்தது?

இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கம் 1997 இல் பெரிய எதிர்பார்ப்போடு அறிவித்தார்கள், 1999 இல் கைவிட்டார்கள். அமெரிக்காவில் 2004 இல் மத்திய தொலைத்தொடர்பு ஆணையம் இதற்கு விதி வகுத்தது. அந்நாட்டு ஹாம் சங்கம் நீதிமன்றம் போனது. 2008 ஏப்ரலில் வந்த தீர்ப்பில், ஆணையம் தன் ஆய்வுகளில் சில பக்கங்களை மறைத்து வெளியிட்டது பிழை என்று சொல்லி, அந்தப் பகுதியை மீண்டும் பரிசீலிக்கும்படி நீதிபதிகள் திருப்பி அனுப்பினார்கள். ஊர் முழுக்க இந்தச் சேவை கொடுத்த வேர்ஜீனியாவின் மனாசஸ் நகரம் 2010 இல் அதை மூடியது. ஜப்பான் 2006 இல் வீட்டுக்குள் மட்டும் என்று அனுமதித்தது.

தோற்றதற்கு ஹாம்களின் முறைப்பாடு மட்டும் காரணம் இல்லை. ஃபைபரும் மொபைல் டேட்டாவும் வேகத்தில் முந்திவிட்டன. நம் பக்கத்தில் ஒரு டிரான்ஸ்போமருக்குக் கீழே ஏராளமான வீடுகள். ஒரே வயரை அத்தனை பேரும் பங்கிட்டால் ஆளுக்கு மிஞ்சுவது சொற்பம்தான். இதை யாராவது மறுபடி நம்மிடம் கொண்டுவந்தால் முதலில் இந்த வரலாற்றைக் கேளுங்கள்.

மொபைல் போன் இருக்கிற காலத்தில் சிற்றலை யாருக்கு வேண்டும்?

2004 டிசம்பர் 26 காலையில் நாவலடியில், கல்லடியில், கல்முனையில், மருதமுனையில் இருந்தவர்களிடம் கேளுங்கள். கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சரிந்தது ஊருக்கெல்லாம் தெரியும். போன் லைன்களும் அறுந்தன. அம்பாறை மாவட்டம்தான் நாட்டிலேயே அதிகம் உயிர்களைக் கொடுத்தது. யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கொழும்புக்குச் சொல்ல வழியில்லாமல் நின்ற அந்த மணித்தியாலங்களை நாங்கள் மறக்கவில்லை. அந்த நாட்களில் தெற்கே அம்பாந்தோட்டையிலிருந்து இலங்கை ஹாம்கள் கார் பற்றரியில் சிற்றலை நிலையம் அமைத்துக் கொழும்போடு பேசினார்கள். கிழக்கில் அப்படி நாலு பேர் இருந்திருக்கலாமே என்ற ஆதங்கத்தில்தான் நான் இதைப் படிக்கத் தொடங்கினேன்.

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வோக்கி-டோக்கி எட்டாது, நடுவே மலைநாடு. 3.5 அல்லது 7 மெகாஹேர்ட்ஸ் அலையோ மேலே போய், வானத்து அயன மண்டலத்தில் பட்டு, மலைக்கு அந்தப் பக்கம் இறங்கும். ஆசிய-பசுபிக் ஹாம்கள் பேரிடருக்கென்று பேசிவைத்திருக்கிற இடங்களில் ஒன்று 7.110. உலகப் பொதுவானது 14.300. இரண்டும் பவர்லைன் அடாப்டர் இரைகிற பரப்புக்குள்தான் இருக்கின்றன.

பேரிடரில் கரண்டே போய்விடும், அடாப்டரும் நின்றுவிடுமே என்று ஒருவர் கேட்டார். அனர்த்தம் நடந்த ஊரில் அது சரி. அந்த மெல்லிய சிக்னலைக் கேட்க வேண்டியவர் கரண்ட் உள்ள ஊரில் இருக்கிறாரே, அவர் காதில்தான் இரைச்சல்.

பக்கத்து வீட்டில்தான் என்று தெரிந்துவிட்டது. எப்படிப் பேசுவது?

என் அனுபவத்தைச் சொல்கிறேன். 2021, பள்ளிக்கூடங்கள் மூடியிருந்த நேரம். திங்கள் முதல் வெள்ளி வரை காலை எட்டு மணிக்கு இரைச்சல் எழும்பும், ஒன்றரைக்கு அடங்கும். சனி, ஞாயிறு வெறும் டிக்-டிக். இன்வேட்டர், பம்ப், லைன் என்று ஐந்து மாதம் எதையெதையோ சந்தேகித்துவிட்டு, கடைசியில் ரேடியோவோடு நடந்து போய் நின்றது இரண்டு வளவு தள்ளியுள்ள அக்கா வீட்டு வாசலில். உள்ளே அவவின் இரண்டு பிள்ளைகளும் ஒன்லைன் வகுப்பில்.

எனக்குக் கோபம் இருந்ததை மறைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. "அக்கா, உங்கட நெட்ட நிப்பாட்டச் சொல்லி வரல்ல. ஒருக்கா இந்தச் சத்தத்தக் கேளுங்க" என்று ரேடியோவை நீட்டினேன். சுவரில் இருந்த அடாப்டரைக் கழற்றச் சொன்னேன். கழற்றினா. சத்தம் கத்தியால் வெட்டினமாதிரி நின்றது. திரும்பக் குத்தினா, எழும்பியது. "ஐயோ தம்பி, எங்கட வீட்டிலயிருந்தா இது போகுது?" என்று அவவே மூன்றாம் தரமும் கழற்றிப் பார்த்தா.

அடுத்த ஞாயிறு நானும் அவவின் மூத்தவனும் சேர்ந்து ரவுட்டரிலிருந்து பின்னறை வரை 25 மீற்றர் கேட்6 கேபிளை முகட்டு வளையோரமாக இழுத்தோம். கேபிள் காசு என்னுடையது. அதற்குப் பிறகு வகுப்பு இடையில் அறுவதில்லை என்று அவ சொன்னா. அந்த மூத்தவன் இப்போது என் வீட்டுக்கு வந்து மோர்ஸ் தட்டிப் பழகுகிறான்.

ஆகவே முறையீட்டுக் கடிதத்தோடு போகாதீர்கள். ரேடியோவோடு போங்கள், கையில் கேபிளும் இருக்கட்டும்.

அடாப்டருக்குப் பதிலாக என்ன போடலாம்?

கேபிள்தான் முதல் தெரிவு. வேகமும் கூடுதல், இரைச்சலும் இல்லை. சுவர் துளைக்க முடியாத வீட்டில் வைஃபை எக்ஸ்டென்டர். அது 2.4, 5 கிகாஹேர்ட்ஸில் ஓடுவதால் சிற்றலைக்குத் தொந்தரவு இல்லை.

நான் ரேடியோவில் பேசும்போது பக்கத்து வீட்டாருடைய நெட் அறுகிறதாம். என் பிழையா?

நீங்கள் சட்டப்படி உங்கள் பான்ட்டில், உங்கள் வலுவுக்குள் பேசினால் பிழை உங்களுடையதல்ல. அலையை வீசுகிற வயர் அலையை வாங்கவும் செய்யும். உங்கள் 100 வற் அவர்கள் வயரிங்கில் ஏறி அடாப்டரைத் திணறடிக்கிறது. ஆனாலும் "என் பிழை இல்லை" என்று சொல்லிவிட்டு வரவேண்டாம். அவர்களுக்கு அடாப்டரை மாற்ற இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. உதவி செய்து மாற்றிக் கொடுங்கள்.

அவர்கள் மாற்ற மறுத்தால் என் பக்கத்தில் என்ன செய்யலாம்?

அன்டெனாவை வீட்டிலிருந்தும் கரண்ட் லைனிலிருந்தும் எவ்வளவு தூரம் தள்ளலாமோ அவ்வளவு தள்ளுங்கள். வளவின் பின்மூலைக்கு மாற்றியதிலேயே எனக்கு இரண்டு படி குறைந்தது. கரண்ட் லைனுக்கு மேலாகவோ, அறுந்தால் லைனில் விழக்கூடிய இடத்திலோ ஒருபோதும் கம்பி கட்டாதீர்கள்.

அன்டெனா கேபிளின் வெளித்தோல் வழியாகவும் வீட்டு இரைச்சல் ஏறி வரும். 31 வகை ஃபெரைட் (இரைச்சலைத் தடுக்கிற காந்தப் பொருள்) வளையத்தில் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி அன்டெனா முனையில் ஒன்றும் ரேடியோ முனையில் ஒன்றும் போட்டால் அந்த வழி அடைபடும். கேட்பதற்கு மட்டும் ஒரு சின்ன வளைய அன்டெனா வைத்து, இரைச்சல் வருகிற திசைக்கு அதன் செவிட்டுப் பக்கத்தைத் திருப்புவதும் நல்ல பலன் தரும். எஃப்டி8 போன்ற டிஜிட்டல் முறைகள் 15 செக்கன் துண்டுகளாக அனுப்புவதால் காதுக்கு எட்டாத சிக்னலையும் கணினி எடுத்துவிடும். ஆனால் பேரிடரில் ஒருவர் பதற்றத்தோடு ஊர்ப் பெயர் சொல்வதை அதில் கேட்க முடியாது.

ஆணைக்குழுவிடம் முறையிடலாமா?

அனுமதிப்பத்திரம் உள்ளவருக்கு அந்த உரிமை இருக்கிறது. அலைவரிசைகளைக் கண்காணிப்பதும் இடையூறுகளை விசாரிப்பதும் அவர்கள் பொறுப்பு. போகுமுன் இரண்டு வாரக் குறிப்பு வைத்திருங்கள்: திகதி, நேரம், அலைவரிசை, எஸ்-மீற்றர் அளவு, கழற்றியபோது என்ன நடந்தது. போனிலேயே ஒலியைப் பதிந்துவையுங்கள்.

மின்சார சபை ஸ்மார்ட் மீற்றர் பூட்டினால் அதுவும் இப்படி இரையுமா?

சில நாடுகளில் மீற்றர்களும் கரண்ட் வயரிலேயே தகவல் அனுப்புகின்றன. ஐரோப்பிய முறையில் அதற்கு ஒதுக்கியது 3 முதல் 148.5 கிலோஹேர்ட்ஸ் வரை. சிற்றலைக்கு மிகக் கீழே. வேகமும் குறைவு, அனுப்புவதும் இடைக்கிடை. அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

லைசன்ஸ் இல்லை, கருவியும் இல்லை. என் ஒழுங்கையில் இரைச்சல் இருக்கிறதா என்று பார்க்கலாமா?

தாராளமாக. அலுமாரியில் கிடக்கிற பழைய சிற்றலை ரேடியோவுக்கு இரண்டு பற்றரி போடுங்கள். இரவு எட்டு மணிக்குப் பிறகு முற்றத்துக்கு வந்து, அதிலுள்ள கம்பி அன்டெனாவை முழுதாக இழுத்து, 9 மெகாஹேர்ட்ஸிலிருந்து மெல்லத் திருப்புங்கள். சீன மொழி, அரபு, இந்தி என்று நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் உங்கள் ஒழுங்கை நல்ல ஒழுங்கை. ஒன்றுமே வராமல் அப்பளம் பொரிகிற சத்தம் மட்டும் வந்தால், முதலில் உள்ளே போய் மெயின் சுவிட்ச்சை இறக்கிப் பாருங்கள்.